குர்லாவில் ஓர் அறையா, டோம்பிவிலியில் பெரிய வீடா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். தென்காசிப் பக்கம் சொந்த ஊர், திருமணமாகி நான்கு மாதம். கணவருக்கு மும்பையில், பாந்த்ரா குர்லா வளாகத்தில் வேலை. நிறுவனம் கொடுத்த விடுதியில் இன்னும் பதினைந்து நாள்தான் தங்கலாம், அதற்குள் வீடு பார்த்தாக வேண்டும். வாடகைக்கு 30,000 ரூபாய் வரை ஒதுக்க முடியும். அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையும் சமையலறையும் இருந்தால் போதும் என்கிறார் அவர். தொலைவுப் புறநகரான டோம்பிவிலியிலோ பத்லாப்பூரிலோ அந்தப் பணத்துக்குள் காற்றும் வெளிச்சமுமாக இரண்டு படுக்கையறை வீடு கிடைக்கும்போது எதற்காகப் புறாக்கூண்டில் அடைய வேண்டும் என்கிறீர்கள் நீங்கள். எம்.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்திருக்கிறீர்கள், இந்தி தெரியாது. மாலையானால் இதே பேச்சு, இதே சண்டை. யார் சொல்வது சரி என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள்.

இருவர் சொல்வதும் பாதிதான் சரி. அவர் தம்முடைய பயணத்தை மட்டும் கணக்குப் பார்க்கிறார், நீங்கள் சுவர்களை மட்டும் பார்க்கிறீர்கள். குர்லாவில் அந்த ஓர் அறையை எடுத்தால் அவர் அரை மணிக்குள் வேலைக்குப் போய்விடுவார். பகல் முழுவதும் அந்த அறைக்குள் இருக்கப்போவது நீங்கள். பத்லாப்பூரில் பெரிய வீடு எடுத்தால் காலை ஏழு மணிக்கு முன்பே கிளம்புகிறவர் இரவு ஒன்பது மணிக்குத் திரும்புவார். அந்த விசாலத்திலும் தனியாக இருக்கப்போவது நீங்கள்தான். இரண்டு யோசனைக்கும் செலவாவது உங்கள் பகல். அதனால் முதல் வேலையாக ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் நேராக வாரத்தில் அவர் எத்தனை மணி நேரம் ரயிலில் இருப்பார், நீங்கள் எத்தனை மணி நேரம் பேச ஆளில்லாமல் இருப்பீர்கள் என்று எழுதிப் பாருங்கள். சதுர அடிக் கணக்கு அதற்குப் பிறகு வரட்டும்.

இதை நான் கெட்டிக்காரத்தனத்தில் சொல்லவில்லை, பட்டுத்தான் சொல்கிறேன். 1998இல் கோவில்பட்டியிலிருந்து புதுப்பெண்ணாக நேரே டோம்பிவிலிக்கு வந்து இறங்கியவள் நான். கணவருக்குத் தென் மும்பையின் கோட்டைப் பகுதியில் வேலை. 7.12 வண்டி. இங்கே ரயிலுக்குப் பெயர் கிடையாது, நிமிடம்தான் பெயர். "உங்கள் வீட்டுக்காரர் எந்த வண்டி?" என்று பக்கத்து வீட்டில் கேட்டால் "7.12" என்று சொல்ல வேண்டும். அந்த 7.12 போன பிறகு இரவு எட்டே முக்கால் வரை நானும் நான்கு ஜன்னலும். வீடு நல்ல வீடு. கிழக்கே வேப்பமரம்கூட இருந்தது. மூன்றாவது மாதம் அந்த வேப்பமரத்தைப் பார்த்தாலே எனக்கு அழுகை வரும்.

இப்போது பாதை விஷயத்துக்கு வருகிறேன். மும்பையில் ஊரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, ரயில் பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சர்ச்கேட்டிலிருந்து விரார் பக்கம் போவது மேற்குப் பாதை. சத்ரபதி சிவாஜி முனையத்திலிருந்து தாணே, கல்யாண் வழியாகப் போவது மத்தியப் பாதை. அதே முனையத்திலிருந்து செம்பூர், வாஷி, பன்வேல் என்று போவது துறைமுகப் பாதை. ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமென்றால் தாதர், குர்லா, அந்தேரி போன்ற சில நிலையங்களின் நடைமேம்பாலத்தில் காலை ஒன்பது மணிக் கூட்டத்தோடு ஏறி இறங்க வேண்டும். அந்த மாற்றம்தான் ஆளை உருக்கிவிடும், தூரம் அல்ல. ஒரே வண்டியில் நாற்பது நிமிடம் போவது, இரண்டு வண்டியில் முப்பது நிமிடம் போவதைவிடச் சுகம் என்பது என் கட்சி.

உங்கள் கணவரின் அலுவலகம் இருக்கும் வளாகம் பாந்த்ராவுக்கும் குர்லாவுக்கும் நடுவில் இருக்கிறது. இதில் குர்லாதான் உங்களுக்கு அதிர்ஷ்டம், ஏனென்றால் மத்தியப் பாதையும் துறைமுகப் பாதையும் அங்கே சந்திக்கின்றன. அங்கிருந்து வளாகத்துக்குப் பஸ்ஸும் பங்கு ஆட்டோவும் உண்டு. ஆக, இரண்டு பாதைகளில் எதில் வீடு எடுத்தாலும் வண்டி மாறாமல் குர்லாவில் இறங்கலாம். 2024 அக்டோபரில் ஆரேயிலிருந்து அந்த வளாகம் வரை சுரங்க மெட்ரோவும் வந்துவிட்டது. ஓராண்டு கழித்து அது கஃப் பரேடு வரை நீண்டது. மரோல் பக்கம் வீடு கிடைத்தால் அதில் ஏறி நேரே போகலாம், ஆனால் உங்கள் வாடகைக்கு அங்கே அகப்படுவது கடினம்.

நானாக இருந்தால் முதலில் செம்பூரையும் திலக் நகரையும் பார்ப்பேன். செம்பூரிலிருந்து குர்லா இரண்டாவது நிலையம். புதிய கட்டடங்களில் உங்கள் பணத்துக்குக் கிடைக்காது. மின்தூக்கி இல்லாத பழைய மூன்று மாடி, நான்கு மாடிக் கட்டடங்களில் சிறிய ஒரு படுக்கையறை வீடு பொறுமையாகத் தேடினால் அமையலாம். வயது இருபத்தைந்துதானே, மாடி ஏறுங்கள். அங்கே நடக்கிற தூரத்தில் காய்கறிச் சந்தை, பள்ளிக்கூடங்கள், டாக்டர், நம் ஆட்கள் எல்லாம் உண்டு. சேடா நகரில் 108 படி ஏறிப் போகிற முருகன் கோயில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு அங்கே போய் நின்றால் மும்பையில் இருக்கிறோம் என்பதே மறந்துவிடும்.

செம்பூர் அமையவில்லையென்றால் மத்தியப் பாதையில் முலுண்டு. அங்கிருந்து குர்லா ஏழாவது நிலையம். அடுத்த நிலையமான தாணேயிலிருந்தே புறப்படும் மெதுவண்டிகள் இருப்பதால், கல்யாணிலிருந்து நிரம்பி வழிந்து வருகிற வண்டியில் தொங்க வேண்டியதில்லை. நான் இப்போது இருப்பது அங்கேதான், ஆகையால் கொஞ்சம் ஊர்ப்பாசமும் இந்தச் சிபாரிசில் இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது நெரூல், சான்பாடா பக்கம். நவி மும்பை திட்டம் போட்டுக் கட்டிய நகரம், தெரு அகலம், காற்று அதிகம். மோர்பே அணை அந்த மாநகராட்சிக்கே சொந்தமாக இருப்பதால் தண்ணீர்க் கவலை குறைவு. உங்கள் காற்று, வெளிச்ச ஆசைக்கும் அவருடைய ஒரே வண்டிப் பயணத்துக்கும் நடுவில் ஒரு சமரசம் வேண்டுமென்றால் அது நெரூல்தான்.

எந்த வீடானாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை நாளில், காலை எட்டரை மணிக்கு, அந்த நிலையத்தில் நின்று அலுவலகம் வரை இருவரும் போய்ப் பாருங்கள். மாலை ஏழு மணிக்குத் திரும்பி வாருங்கள். தரகர் உங்களை ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அழைத்துப் போவார், வண்டி காலியாக இருக்கும், "பாருங்கள், இருபத்தைந்தே நிமிடம்" என்பார். ஞாயிறன்று பகலில் பராமரிப்புக்காகப் பாதையை மூடுகிற 'மெகா பிளாக்' வேறு உண்டு. அன்றைய அனுபவத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

மகளிர் பெட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. வந்த புதிதில் ஒரு நாள் தாதரிலிருந்து டோம்பிவிலிக்கு விரைவு வண்டியில் ஏறினேன். பெயர்ப்பலகையில் கல்யாணுக்கு உரிய எழுத்தைப் பார்த்துச் சரியான வண்டியில்தான் ஏறினேன், தப்பு வேறு இடத்தில் நடந்தது. டோம்பிவிலி நடைமேடை எந்தப் பக்கம் வரும் என்று தெரியாமல் எதிர்ப்பக்க வாசலில் போய் நின்றுவிட்டேன். வண்டி நின்றபோது எனக்கும் வாசலுக்கும் நடுவில் நாற்பது பெண்கள். "இறங்கணும், இறங்கணும்" என்று தமிழில் கத்தினேன். வண்டி கிளம்பிக் கல்யாணில் கொண்டு போய்விட்டது. பக்கத்தில் மடியில் செய்தித்தாளை விரித்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் தலை நிமிராமலே பாடம் நடத்தினார். இரண்டு நிலையம் முன்னாலேயே முன்னால் நிற்பவளிடம் "உதர்ணார் கா?" என்று கேட்க வேண்டும். இறங்குவாயா என்று அர்த்தம். அவள் இறங்குபவளாக இருந்தால் அவள் பின்னாலேயே நில், இல்லையென்றால் இடத்தை மாற்றிக்கொள். இதை நான் மொழி புரியாமல் சைகையிலேயே கற்றேன். கையில் ஒரு பிடி பட்டாணியும் கொடுத்தார், உரிக்கச் சொல்லி.

அமர்ந்திருப்பவளிடம் எங்கே இறங்குவாய் என்று கேட்டு அவள் இடத்துக்கு முன்பதிவு சொல்லிவைப்பதும் அங்கே சட்டம். மூன்று பேர் பெஞ்சில் ஓரமாக நாலாவதாக ஒண்டிக்கொள்வதும் உரிமை, கெஞ்ச வேண்டியதில்லை. இந்த இரண்டையும் கற்றுக்கொண்ட அன்றைக்கு நீங்கள் பாதி மும்பைக்காரி.

வீடு பார்க்கும்போது உங்கள் கண் தரை ஓட்டிலும் அலமாரியிலும் போகும். மேலே பாருங்கள். கூரை மூலையிலும் குளியலறைக்கு ஒட்டிய சுவரிலும் பழுப்புக் கறையோ, சுண்ணாம்பு உப்பிப் பொரிந்திருப்பதோ தெரிந்தால் மழைக்காலத்தில் அந்தச் சுவர் அழும் என்று அர்த்தம். புதிதாகச் சாயம் அடித்த ஒரே ஒரு சுவர் இருந்தால் இன்னும் சந்தேகம் கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்கு நிற்கும் என்று தரகரிடம் கேட்காதீர்கள், கீழே இருக்கும் காவலாளியிடம் கேளுங்கள். நகரத்துக்குத் தண்ணீர் தருவது தான்சா, பாத்சா, வைதர்ணா என்று ஏழு ஏரிகள். மழை தாமதமானால் ஜூனில் விநியோகத்தைக் குறைப்பது அடிக்கடி நடப்பது. கட்டடம் இடித்துக் கட்டப்போகிறார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். பழைய கட்டடங்களில் அந்தப் பேச்சு ஓடிக்கொண்டேயிருக்கும், திடீரென்று காலி செய்யச் சொன்னால் பெட்டியைத் தூக்க வேண்டும். சில கட்டடங்களில் மீன், இறைச்சி சமைப்பவர்களுக்கு வீடு தர மாட்டார்கள். அது நியாயமா என்பது வேறு விவாதம். வீட்டில் மீன் குழம்பு வைப்பீர்கள் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், பிறகு ஜன்னலை மூடிக்கொண்டு திருட்டுத்தனமாகப் பொரிக்கிற வாழ்க்கை வேண்டாம்.

ஒப்பந்தம் பெரும்பாலும் பதினோரு மாதத்துக்கு. தரகருக்கு ஒரு மாத வாடகை. வைப்புத்தொகை பொதுவாக இரண்டு மூன்று மாத வாடகை, சில இடங்களில் அதற்கும் மேலே கேட்பார்கள். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999இன்படி ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்தே ஆக வேண்டும், அந்தப் பொறுப்பு வீட்டுக்காரருடையது. பதிவு இல்லாமல் தகராறு வந்தால், வேறு விதமாக நிரூபிக்கப்படாத வரை குடியிருப்பவர் சொல்லும் நிபந்தனைகளே செல்லும் என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. "எதற்குப் பதிவு, நமக்குள் என்ன" என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள். இப்போதெல்லாம் முகவர் கைரேகைக் கருவியோடு வீட்டுக்கே வந்து இணையவழியில் முடித்துக் கொடுத்துவிடுகிறார். வாடகைதாரர் விவரத்தைக் காவல்துறைக்குத் தெரிவிப்பதும் உண்டு, பயப்பட ஒன்றுமில்லை.

எங்கள் முதல் வீட்டைக் காலி செய்தபோது வைப்புத்தொகையில் பாதிக்கு மேல் "சாயம் அடிக்க" என்று வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். நாங்கள் குடிபோனபோதே அந்தச் சுவர் உப்பித்தான் இருந்தது, நிரூபிக்க எங்களிடம் ஒன்றுமில்லை. உங்களிடம் கைபேசி இருக்கிறது. சாவி வாங்கிய அன்றே ஒவ்வொரு சுவரையும், குழாயையும், கதவுக் கைப்பிடியையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவையுங்கள். மரியாதையாக ஒரு வரி, "குடிவந்த அன்றைய நிலை" என்று. இன்னொன்று, மாத வாடகை வேண்டாம், பல லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு இருங்கள், போகும்போது திருப்பித் தருகிறேன் என்று 'ஹெவி டெபாசிட்' ஆசை காட்டுவார்கள். நகையை அடகு வைத்தாவது கொடுக்கலாமா என்று தோன்றும். வேண்டாம். மொத்தப் பணமும் முன்பின் தெரியாத ஒருவர் கையில் இருக்க, அந்த வீட்டில் உங்களுக்குத் தூக்கம் வராது.

மின்சாரத்துக்கு இங்கே மாதாமாதம் ரசீது வரும். ஊரில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று பழகியவர்களுக்கு முதல் ரசீது கொஞ்சம் சுருக்கென்று தைக்கும். ஆட்டோ மீட்டர் போட்டுத்தான் ஓடும், அது இந்த ஊரின் பெரிய கௌரவம். ஆனால் சயான், பாந்த்ராவுக்குத் தெற்கே ஆட்டோ கிடையாது, டாக்சிதான்.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன விஷயம். "பகலில் என்ன செய்வது என்றே தெரியவில்லை அக்கா." எனக்கு இதுதான் கடிதம், மீதியெல்லாம் வீட்டுத் தரகு.

மொழியிலிருந்து தொடங்குங்கள். இலக்கணம் வேண்டாம், காய்கறி வாங்குகிற இந்தி போதும். எனக்கு முதல் அடி விழுந்தது 'பாவ்' என்கிற சொல்லில். பீன்ஸ் என்ன விலை என்று கேட்டேன், "தஸ் ருப்யே பாவ்" என்றாள். பத்து ரூபாய்தானே என்று ஒரு கிலோ போடச் சொல்லி, அவள் நாற்பது கேட்டபோது ஏமாற்றுகிறாள் என்று சண்டைக்குப் போய்விட்டேன். பாவ் என்றால் கால் கிலோ. இங்கே காய்க்குக் கால் கிலோ விலைதான் சொல்வார்கள். அப்புறம் பார்த்தால் ரொட்டிக்கும் பாவ், விலைக்கும் பாவ், அண்ணனை மராத்தியில் அழைக்கிறதும் பாவூ. உச்சரிப்பில் வித்தியாசம் உண்டு என்று பிள்ளைகள் சொல்கிறார்கள், என் காதுக்கு இன்றுவரை எல்லாம் ஒன்றுதான். இந்தியின் பின்ன எண்களையும் முதல் வாரமே மனப்பாடம் செய்யுங்கள். டேட் என்றால் ஒன்றரை, டாயி என்றால் இரண்டரை, அதற்கு மேல் சாடே தீன், சாடே சார். சவா என்றால் கால் கூட, பௌனே என்றால் கால் குறைய. நீங்கள் கணக்கு டீச்சர், ஒரு நாளில் பிடித்துவிடுவீர்கள்.

காய்க்காரியை "மாவ்ஷி" என்று கூப்பிடுங்கள். சித்தி என்று அர்த்தம். வேலைக்கு வரும் பெண்ணை எல்லோரும் 'பாயி' என்பார்கள், நீங்கள் "தாயி" என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடுங்கள். மராத்தி நாலு சொல் தெரிந்தால் இந்தி நாற்பது சொல்லுக்குச் சமம். இது அவர்கள் ஊர், அவர்கள் மொழியில் வாய் திறந்தால் முகம் மலர்ந்துவிடும்.

டோம்பிவிலியில் முதல் ஜனவரி. பொங்கல் அன்று அவருக்கு விடுமுறை இல்லை. நான் மட்டும் குக்கரில் பொங்கல் வைத்து, ஜன்னலில் சூரியனைப் பார்த்துக் காட்டிவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் எதிர்வீட்டு மராத்தியப் பெண் கதவைத் தட்டி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவர்கள் வீட்டில் மஞ்சள் குங்குமம். சங்கராந்தியிலிருந்து ரதசப்தமி வரை வீட்டுக்கு வீடு பெண்களை அழைத்து மஞ்சளும் குங்குமமும் வைத்து, எள்ளுருண்டை கொடுத்து, ஏதாவது சின்னச் சாமானும் கையில் கொடுப்பார்கள். நம் நவராத்திரித் தாம்பூலம் மாதிரிதான். எள்ளுருண்டையைக் கொடுத்து "திள்கூள் க்யா, கோட் கோட் போலா" என்றாள். எள்ளும் வெல்லமும் எடுத்துக்கொள், இனிமையாகப் பேசு. எனக்குப் பேசவே ஒரு வார்த்தை தெரியாது. எனக்குக் கிடைத்த சாமான் ஒரு எவர்சில்வர் டீ வடிகட்டி. ஆறு பெண்கள், ஒருத்தி பேசுவதும் புரியவில்லை. ஆனால் மறுநாள் காலையில் படியில் இறங்கும்போது ஆறு பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த வடிகட்டி இன்னும் என் சமையலறையில் இருக்கிறது, கைப்பிடி மாற்றியாகிவிட்டது. உங்களை அழைத்தால் போகாமல் இருக்காதீர்கள். கட்டடத்தில் கணபதி வைத்தால் ஆரத்திக்குப் போய் நில்லுங்கள், பாட்டு தெரியாவிட்டாலும் கை தட்டலாம்.

நம் மக்களும் இங்கே குறைவில்லை. மாட்டுங்கா கிழக்கில் கட்டிய பூவும் அப்பளமும் டிகிரி காபியும் கிடைக்கும், சயானில் தமிழ்ச்சங்கம் இருக்கிறது. தாராவியில் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் பல தலைமுறையாக இருக்கிறார்கள். பொங்கலன்று தொண்ணூறு அடிச் சாலையில் வரிசையாகப் பானை பொங்கும், ஒரு முறை போய்ப் பாருங்கள். இட்லி அரிசி, நல்லெண்ணெய் எல்லாம் அங்கே மாட்டுங்காவைவிட மலிவு என்பது என் அனுபவம். ஆனால் வாரா வாரம் மாட்டுங்கா, பார்ப்பதெல்லாம் தமிழ்க் குடும்பம் என்று ஆகிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இருபது ஆண்டு இருந்தும் அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது.

வேலை விஷயம். கணிதம் படித்த பி.எட். ஆசிரியைக்கு இந்த ஊரில் வேலை கிடைக்காமல் போகாது. ஆங்கிலவழிப் பள்ளிகளில் கணக்கு நடத்த இந்தி குறுக்கே வராது. மத்திய வாரியப் பள்ளிகள் ஏப்ரலிலும் மாநில வாரியப் பள்ளிகள் ஜூன் நடுவிலும் திறக்கின்றன, ஆகவே பிப்ரவரியிலிருந்தே நேரில் போய் விண்ணப்பம் கொடுங்கள். அதுவரை கட்டடத்துக் குழந்தைகள் நான்கு பேருக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். பணம் இரண்டாம் பட்சம். எட்டாம் வகுப்புப் பையன் உங்களுக்குக் கற்றுத் தருகிற இந்தியை எந்த வகுப்பிலும் கற்க முடியாது. வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது சுற்றுவட்டத்தில் எத்தனை பள்ளிகள் என்று எண்ணச் சொல்வது இதற்காகத்தான். பயணத்துக்கு அவருடைய அலுவலகத்தை மட்டும் வரைபடத்தில் குறித்தால், உங்கள் வேலை எப்போதும் 'அதற்குப் பிறகு கிடைத்தால்' என்றே நின்றுவிடும்.

சண்டைக்கு வருவோம். எங்கள் வீட்டில் அது கதவு திறந்ததும் தொடங்கும். பன்னிரண்டு மணி நேரம் தமிழில் ஒரு வார்த்தை பேசாதவள் நான், சாவியின் சத்தம் கேட்டதுமே ஆரம்பித்துவிடுவேன். அவரோ ஒன்றேகால் மணி நேரம் நாலு பேர் முழங்கை இடுப்பில் குத்த நின்றுகொண்டு வந்தவர், வாய் திறக்க மாட்டார். எனக்கு அது அலட்சியமாகத் தெரிந்தது, அவருக்கு நான் பேசுவது புகாராகத் தெரிந்தது. ஒரு நாள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டார். கடைசியில் கண்டுபிடித்த வழி மிகச் சின்னது. வந்ததும் அரை மணி நேரம் யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. அவர் குளித்து, டீ குடித்து, செய்தித்தாளைப் பார்க்கட்டும். அதன் பிறகு சாப்பாடு முடிந்து இருவரும் நிலையம் வரை ஒரு நடை. அந்த நடையில் நான்தான் பேசுவேன், அவர் கேட்டே ஆக வேண்டும். இருபத்தைந்து ஆண்டாக நடக்கிறோம், இப்போது அவர்தான் அதிகம் பேசுகிறார்.

எங்கள் காலத்தில் ஊருக்குப் பேச வேண்டுமென்றால் இரவு கட்டணம் குறையும் நேரம் பார்த்து எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நிற்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை, ஐந்து நிமிடம். என் அழுகையெல்லாம் அந்த வரிசையிலேயே வடிந்துவிடும், அம்மாவிடம் "நல்லா இருக்கேன்" மட்டும்தான் மிச்சம் இருக்கும். உங்களுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. சண்டை சூடாக இருக்கும்போதே அம்மா காணொளியில் வந்துவிடுகிறார். ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள், சண்டை போட்ட இரவு இருவரும் ஊருக்குப் போன் செய்வதில்லை. நீங்கள் மறுநாள் சமாதானமாகிவிடுவீர்கள், தென்காசியில் உங்கள் அப்பா ஒரு வாரம் தூங்க மாட்டார். (அடிதடி, மிரட்டல் என்று போனால் இந்த விதி செல்லாது. அன்றைக்கே ஊருக்கும் சொல்லுங்கள், பெண்கள் உதவி எண் 181க்கும் பேசுங்கள்.)

பணத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. இரண்டு பெற்றோருக்கும் எவ்வளவு அனுப்புவது என்பதை முதல் மாதமே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். நகையை வாடகை வீட்டில் வைக்காதீர்கள். வீடு வாங்கும் பேச்சை இரண்டு ஆண்டுக்கு எடுக்காதீர்கள், எந்தப் பாதை உங்களுக்கு ஒத்துவரும் என்று தெரியவே அவ்வளவு காலம் ஆகும்.

மழை. உங்கள் ஊரில் குற்றாலத்துச் சாரலைக் கொண்டு வருகிற அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் இங்கேயும் ஜூன் இரண்டாவது வாரத்தையொட்டி வந்து இறங்குகிறது. ஆனால் இங்கே அது சாரல் அல்ல. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. தமிழ்நாட்டின் ஓராண்டுச் சராசரி மழையை ஒட்டிய அளவு அது. என் கணவர் மறுநாள் மாலைதான் வீடு வந்தார், செருப்பு இல்லாமல். அப்படி ஒரு நாள் அபூர்வம், ஆனால் குர்லாவிலும் சயானிலும் தண்டவாளம் மூழ்கி வண்டி நிற்பது மழைக்காலத்தில் அவ்வப்போது நடக்கும். கனமழையும் கடல் பொங்கும் நேரமும் சேர்ந்தால் தண்ணீர் வடியாது. அலுவலகத்தில் அவருக்கு ஒரு மாற்றுடையும், இருவர் கைபேசியிலும் "வண்டி நின்றால் இருக்கிற இடத்திலேயே இரு" என்கிற உடன்பாடும் இருக்கட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பட்டுப்புடவையை வெளியே எடுக்காதீர்கள், பூஞ்சை பிடித்துவிடும். உறவினர்கள் "பம்பாய் பார்க்க" வருவதாகச் சொன்னால் டிசம்பரில் வரச் சொல்லுங்கள். ஒரு படுக்கையறை வீட்டில் மழையில் ஆறு பேர் என்பது, விருந்தோம்பலில் பேர்போன நம் திருநெல்வேலிக்காரர்களுக்கே தாங்காது.

தீபாவளிக்கு ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். தாதரிலிருந்து திருநெல்வேலிக்கு சாளுக்கியா எக்ஸ்பிரஸ், சத்ரபதி சிவாஜி முனையத்திலிருந்து நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் இரண்டும் உங்களுக்கு ஆகும். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது, அந்தக் காலை எட்டு மணிக்கு இருவரும் ஆளுக்கொரு கைபேசியோடு உட்காருங்கள்.

சீராக வந்த கிரைண்டரையும் தேக்குக் கட்டிலையும் கொண்டு வரலாமா என்பது கடைசிக் கேள்வி. கிரைண்டரைக் கொண்டு வாருங்கள், மேடையில் வைக்கிற இரண்டு லிட்டர் என்றால். இட்லி மாவு இங்கே கடையில் கிடைக்கும், காலையில் சைக்கிளில் இட்லி விற்கிறவரும் வருவார், ஆனால் நம் வீட்டு மாவுக்கு எதிர்வீட்டுக் கதவு தானாகத் திறக்கும். கட்டில் வேண்டாம். பழைய கட்டடத்துப் படிக்கட்டு வளைவில் அது திரும்பாது. நாங்கள் கொண்டுவந்த கட்டில் இரண்டாவது மாடிக்குப் போகாமல், மூன்று நாள் கீழே மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்து, கடைசியில் காலை அறுத்துத்தான் மேலே ஏற்றினோம்.